குகையைத் திறக்குமுன் ஒரு மாரியும் ஒரு கச்சானும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி, அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் உள்ள மலைக் குகைகள் ஆதியில் எரிமலையால் உண்டானவை என்று சொல்வோர் உண்டு. சுற்றுலாப் பேச்சில் அது கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் ஒரு குகையை எப்படிப் பேணுவது என்பது அதன் கல் எது, அந்தக் கல்லுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பதில் தங்கியிருக்கிறது. கல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு வேலை தொடங்கினால் ஈராயிரம் ஆண்டு நின்ற கல்வெட்டு எழுத்து பத்து மாரிக்குள் உதிர்ந்துவிடும். ஆகவே எரிமலைக் குகைகளில் உலகம் கற்றுக்கொண்டது என்ன, அதில் எமது மாவட்டங்களின் குகைகளுக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்பதை உங்கள் பத்திரிகை மூலம் வாசகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல விரும்புகிறோம். கோரிக்கை ஒன்றுதான். எந்தக் குகைக்கும் படிக்கட்டு, மின்விளக்கு, கைப்பிடிக் கம்பி போடுவதற்கு முன்னர் மழைக்காலமான மாரி ஒன்றும், வரண்ட காற்று வீசும் கச்சான் காலம் ஒன்றும் முழுமையாக அங்கே அளவெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும்.

முதலில் கல். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. கிழக்கின் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் பகுதியைச் சேர்ந்தது. சுமார் 100 கோடி ஆண்டுக்கு முன் தோன்றி, பின்னர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் பாறைகளே இங்கு மிகுதி. குடும்பிமலை, குசலான்மலை, ராஜகல, பாணமைக்கு அப்பாலுள்ள குடும்பிகல எல்லாமே இந்தக் கல்தான். எரிமலைக் குழம்போடு உறவுள்ள டொலரைட் கல் சில இடங்களில் இந்தப் பாறைகளின் வெடிப்புக்குள் சுவர்போல் ஊடுருவி நிற்கிறது. ஆனால் அதில் குகை உண்டாவதில்லை. மகா ஓயாவில் 50 பாகை செல்சியசுக்கு மேல் வெந்நீர் வருவதும் எரிமலையால் அல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான பூமி வெப்பத்தால் சூடேறித் திரும்பி வருகிறது. திருகோணமலைக் கன்னியாவிலும் இதுவே நடக்கிறது.

மெய்யான எரிமலைக் குகை வேறு விதமாக உண்டாகிறது. ஆயிரம் பாகைக்கு மேல் கொதிக்கும் பசால்ட் குழம்பு ஆறாக ஓடும்போது அதன் மேற்பரப்பு ஆறி இறுகி ஓடாகிறது. உள்ளே குழம்பு தொடர்ந்து ஓடி வடிந்துவிட, நீண்ட குழாய் மிஞ்சுகிறது. கல்லும் குகையும் ஒரே வயது என்பதால் தொல்லியலாளருக்கு இதில் பெரிய நன்மை உண்டு. குழம்பு எப்போது ஓடியது என்று தெரிந்தால், மனிதர் அதற்கு முன் அங்கே இருந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். ஐஸ்லாந்தின் சுர்ட்ஸ்ஹெட்லிர் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 900ஐ ஒட்டி ஓடிய குழம்பில் உண்டான அந்தக் குகையின் ஆழ்ந்த இருட்டுக்குள் படகு வடிவில் கல்லடுக்கும், எரிந்த விலங்கெலும்புகளும், மணிகளும் கிடைத்தன. குழம்பின் காலம் தெரிந்திருந்ததால் அவை ஆதிக் குடியேறிகளின் காலத்துக்கு முற்பட்டவையாக இருக்க முடியாது என்பதில் விவாதமே எழவில்லை. சவூதி அரேபியாவின் கைபர் எரிமலை வெளியில் உள்ள உம் ஜிர்சான் குழாய் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம். திறந்த பாலைவனத்தில் எலும்பு நிலைப்பதில்லை. அந்தக் குழாயிலோ 7,000 ஆண்டுக்கு மேற்பட்ட மனித நடமாட்டத்தின் தடயங்கள் காக்கப்பட்டிருந்தன என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அயலிலுள்ள பாறைகளில் ஆடு, மாடு, நாய் ஆகியவற்றின் உருவங்களும் இருந்தன.

எமது குகைகளுக்கு இந்த வசதி இல்லை. கல்லுக்கு 100 கோடி வயது. குகைக்கு எத்தனை வயது என்று கல் சொல்லாது. பெரும்பாலானவை பாறையின் மேல் தோல் அடுக்கடுக்காகக் கழன்றும், பெருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் உண்டான பாறை ஒதுக்குகள். ஆழம் குறைவு, வாய் அகலம், பகல் வெளிச்சமும் காற்றடிக்கும் மழையும் உள்ளே வரும். ஆகவே இங்கே காலத்தைச் சொல்லக்கூடியவை இரண்டுதான்: சுவரில் உள்ள எழுத்தும் உருவமும் ஒன்று, தரையில் உள்ள மண் மற்றது. எரிமலைக் குகையில் தரை குலைந்தாலும் கல் ஒரு எல்லையைச் சொல்லும். எங்களுக்குத் தரை குலைந்தால் எல்லாம் போயிற்று.

அதனால்தான் குகைத் தரையைக் கூட்டிப் பெருக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள் என்கிறோம். பூசைக்கோ, பார்வையாளர் வருகைக்கோ, சிரமதானத்துக்கோ குகையைத் துப்புரவாக்குகிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். வாரி வெளியே கொட்டப்படுவதில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இலங்கையின் கற்கால மனிதர் வெள்ளைப் படிகக் கல்லில், அதாவது வெங்கச்சங்கல்லில், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவுள்ள நுண்கருவிகளைச் செய்தார்கள். தெரியாத கண்ணுக்கு அது வெறும் சல்லி. புளத்சிங்கள அருகிலுள்ள பாகியன் குகையிலும் குருவிட்டைக்கு அருகிலுள்ள படதொம்ப குகையிலும் பல்லாயிரம் ஆண்டு பழைமையான மனித எலும்பும் எலும்பு முனைகளும் இந்த நுண்கருவிகளோடு சேர்ந்தே மண்ணடுக்குகளில் கிடைத்தன. அவையும் எரிமலைக் குகைகள் அல்ல. கரித்துண்டும் இப்படியே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ எரிமலைக் குகையொன்றின் பனிக்கட்டிக்குள் கிடந்த கரியையும் சாம்பலையும் வைத்து, கி.பி. 150 முதல் 950 வரை வரட்சிக் காலங்களில் மக்கள் அங்கே தீ மூட்டிப் பனியை உருக்கித் தண்ணீர் எடுத்தார்கள் என்று 2020இல் காட்டினார்கள். கூட்டுகிறவர் கண்ணுக்கு அதுவும் அடுப்புக் குப்பைதான்.

தென்கொரியாவின் ஜேஜு தீவு இந்த விடயத்தில் நல்ல பாடம். அங்குள்ள லாவாக் குழாய்கள் 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றில் யொங்சொன் குகை 2005இல் ஒரு கம்பம் நடும் வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்டது. உள்ளே 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய, சில்லா என்ற பழைய கொரிய அரசின் கால மட்பாண்டங்களும், சிப்பிகளும், கரியும், விட்டுச்சென்ற இடத்திலேயே கிடந்தன. வெளிப்பட்ட குகையைக் காட்சிக்கு வைத்து வருமானம் தேட நினைப்பது எந்த நாட்டுக்கும் இயல்பு. கொரியா அதைப் பொதுமக்களுக்கு மூடியே வைத்திருக்கிறது. அதே தொகுதியின் மஞ்சாங் குகை 7 கிலோமீற்றருக்கும் மேல் நீளம். மக்கள் நடக்க விட்டது அதில் ஒரு கிலோமீற்றர் மட்டும். சுற்றுலாவை வெறுப்பதால் அல்ல, குகையைக் காப்பதற்காக அப்படி. எங்கள் மாவட்டங்களில் கம்பமோ, நீர்க்குழாயோ, வீதியோ பாறைக்கு அருகே செல்லும்போது யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? அடித்தளம் வெட்டும் நாளில் தொல்லியல் தெரிந்த ஒருவர் குழி ஓரத்தில் நிற்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வேலை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும்.

இனித் தண்ணீர். எரிமலைக் குகையில் பசால்ட் கல் ஆறும்போது உண்டான வெடிப்புகள் கூரை முழுவதும் இருக்கும். தண்ணீர் எங்கிருந்தும் சொட்டும். அதைத் திசைதிருப்புவது மிகக் கடினம். இந்தியாவில் எரிமலைக் கல்லில் மனிதர் குடைந்த அஜந்தா, எல்லோரா குகைகளில் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிவந்த களிமண் படலமும் உண்டு. அந்தக் களிமண் மழைக்கு ஊறிப் பெருத்துக் கல்லைத் தள்ளுகிறது. எமது நைஸ் பாறை அப்படியல்ல. அடர்த்தியான கல், தண்ணீர் பெரும்பாலும் பாறையின் முகத்தில் வழிந்துதான் உள்ளே வருகிறது. அதனால்தான் பிராமி எழுத்து வெட்டிய காலத்து மனிதர் குகையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டினார்கள். வழிந்துவரும் நீர்ப்படலம் கூரான விளிம்பில் கல்லின் பிடியை விட்டு வெளியே துளியாக விழுகிறது. எழுத்து பெரும்பாலும் அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே, நனையாத பட்டையில் இருக்கும். விளிம்பின் கூர்மைதான் எல்லாம். கூர்மை மழுங்கினால் நீர் வளைந்து உள்ளே ஓடும்.

இந்த விளிம்பு எப்படிப் பழுதாகிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஆல், அரசு வேர் வெடிப்புக்குள் புகுந்து விளிம்பின் துண்டைப் பெயர்க்கிறது. கறையான் மண்குழாய் விளிம்பின் குறுக்கே ஏறினால் அதுவே நீருக்குப் பாலமாகிறது. ஒரே மாரியில் எழுத்தின்மேல் கறுப்புக் கோடு விழும். கறையான் குழாயை மூங்கில் குச்சியால் விளிம்பின் மேற்பக்கம் மட்டும் துண்டித்து விட்டால் போதும். மருந்து தெளிக்கக் கூடாது, எழுத்தின்மேல் உள்ளதைச் சுரண்டவும் கூடாது. மரத்தை வேரோடு இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். அடியில் அறுத்து விட்டு, துளிர் வரும்போதெல்லாம் வெட்டி, வேர் உள்ளேயே மடிந்து சுருங்க விட வேண்டும். ஒரு சில ஆண்டுகள் எடுக்கும். எல்லாவற்றிலும் மோசமானது சீமெந்து. உடைந்த விளிம்பைச் சீமெந்தால் பூசுவதும், குகை வாயில் சீமெந்துச் சுவர் கட்டுவதும் பெரும் பிழை. சீமெந்து நீரைத் தன்னூடாக விடாது. தன்னிலுள்ள உப்பைக் கல்லுக்குக் கொடுக்கும். அடைபட்ட ஈரம் கல்லின் வழியே வெளியேறும்போது அந்த உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி, தோலைத் தள்ளிப் பெயர்க்கும். மாரியில் ஊறி, கச்சான் காற்றில் திடீரென உலரும் எமது காலநிலையில் இது வேகமாக நடக்கும். தவிர்க்க முடியாமல் விளிம்பு போட வேண்டுமானால் பல மாதம் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பற்ற ஆற்று மணல் மூன்று பங்கு என்ற கலவையில், எழுத்துக்கு மேலே எட்ட, பிற்காலத்தில் கழற்றக்கூடியதாகப் போடலாம். கடற்கரை மணல் கூடவே கூடாது.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டால் கழுவாதீர்கள். அது எந்த உப்பு என்று முதலில் அறிய வேண்டும். வெளவால் எச்சமும் சிறுநீரும் உள்ள இடத்தில் நைத்திரேற்று இருக்கும். கடற்காற்று படும் இடத்தில் குளோரைட்டு. சீமெந்து உள்ள இடத்தில் சல்பேற்று. ஆய்வுகூடங்களில் பயன்படும் நிறம் மாறும் தாள்களால் இதைச் சோதிக்கலாம். உலர்ந்த காலத்தில் மென்மையான தூரிகையால் தளர்ந்த உப்பை மட்டும் தாளில் ஏந்தி எடுக்கலாம், அதுவும் எழுத்தோ ஓவியமோ இல்லாத இடத்தில். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து உள்ளே இறங்கி அடுத்த கச்சானில் இன்னும் ஆழத்திலிருந்து கல்லைப் பெயர்க்கும்.

அழகாக்கும் ஆசை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு அஜந்தாவை விடச் சான்று வேண்டாம். அங்கே பசால்ட் சுவரில் மண்ணும் நெல் உமியும் தாவர நாரும் சேர்த்துப் பூசி, மேலே மெல்லிய சுண்ணாம்புப் படலம் கொடுத்து ஓவியம் தீட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஓவியர்கள் நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று வார்னிஷ் பூசினார்கள். 1920 முதல் 1922 வரை ஹைதராபாத் நிஜாம் அரசு அழைத்த இத்தாலிய நிபுணர்கள், பெயரும் ஓவியத்தை ஒட்ட ஷெல்லாக் என்ற அரக்குப் பசையைப் பயன்படுத்தினார்கள். ஷெல்லாக் காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுப்பாகியது. தூசியையும் புகையையும் பிடித்தது. சுருங்கும்போது நிறத்தையும் தன்னோடு இழுத்தது. அதை மில்லிமீற்றர் மில்லிமீற்றராக அகற்றும் வேலை இந்தியத் தொல்லியல் துறைக்குப் பல பத்தாண்டு எடுத்தது. செய்தவர்கள் அக்காலத்தின் தேர்ந்த கைகள். திரும்ப எடுக்க முடியாத எதையும் சுவரில் பூசாதே என்ற இன்றைய விதி இப்படிப்பட்ட அனுபவங்களில் பிறந்தது. எல்லோராவின் மண்பூச்சில் கஞ்சா நார் கலந்திருந்ததும், அதுவே பூச்சி அரிக்காமல் காத்ததாகக் கருதப்படுவதும் 2016இல்தான் வெளிவந்தது. பழைய பூச்சை அறியாமல் கழற்றியிருந்தால் அந்த அறிவும் குப்பையோடு போயிருக்கும்.

எமது பக்கத்து ஓவியங்கள் அஜந்தாவை விட நொய்மையானவை. லாகுகல பிரதேசத்தில் ஹுலன்னுகே அருகிலுள்ள தாருலேங்கல போன்ற குகைகளில் வேடர் மரபுக் கோட்டுருவங்கள் உள்ளன. வேடர் பெண்கள் சாம்பலை உள்ளங்கையில் எச்சிலோடு குழைத்து விரலால் இப்படி வரைந்ததை மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தார்கள். அடியில் பூச்சு இல்லை, மேலே காப்பு இல்லை. ஈரத் துணியின் ஒரே துடைப்பில் அது இல்லாமல் போகும். கமராவில் நன்றாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும், எழுத்துக்குள் சோக்கட்டியோ கரியோ தடவுவதும் அதே அழிவுதான். எழுத்தில் தடவிய சோக் துகள் பள்ளத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தடவியவர் தமக்குத் தெரிந்த எழுத்தாகவே அதைத் தடவிவிடுவதால், பின்னால் படிப்பவரும் தவறாகவே படிக்கிறார். ஓவியத்தின் மேல் குளவி கட்டிய மண்கூட்டையும் தட்ட வேண்டாம். அவுஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஒரு கங்காரு ஓவியத்தின் மேலும் கீழும் இருந்த பழைய குளவிக்கூடுகளின் கரியை அளந்துதான் அது சுமார் 17,300 ஆண்டு பழைமையானது என்று 2021இல் சொல்ல முடிந்தது.

கற்பூரம், எண்ணெய் விளக்கு, சமையல் தீ ஆகியன பற்றியும் சொல்ல வேண்டும். வழிபாடு நடக்கும் குகையில் வழிபாட்டை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. விளக்கைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, குகை வாய்க்கு வெளியே வைக்கக் கேட்கலாம். புகை படிவது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடு வெப்பம். நைஸில் உள்ள படிகக் கல்லும் பெல்ட்ஸ்பார் எனும் களிக்கல்லும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. பாறையோரம் விறகு எரித்தால் மேல்தோல் வெடித்துத் தகடாகப் பெயரும். அதில் எழுத்து இருந்தால் எழுத்தும் போகும். வேட்டைக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர்கள் தங்கும் ஒதுக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது.

பதிவு செய்வது எப்படி? பெரிய கருவிகள் தேவையில்லை, ஒழுங்கு தேவை. பாறைக்கு அடியில் ஜிபிஎஸ் பிழையாகக் காட்டும். ஆகவே வெளியே வானம் தெரியும் இடத்தில் ஒரு நிலையான கல்லை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு அங்கே எடுத்து, அங்கிருந்து அளவுநாடாவாலும் திசைகாட்டியாலும் உள்ளே வாருங்கள். குகையின் நீளப்போக்கில் ஒரு நைலோன் நூலை மட்டமாகக் கட்டி, அரை மீற்றருக்கு ஒரு தடவை இரு பக்கச் சுவருக்கும், கூரைக்கும், தரைக்கும் தூரம் அளந்து 50க்கு ஒன்று என்ற அளவில் வரைபடம் போட வேண்டும். நூல் கட்ட முளை அடித்தால் மண்ணடுக்கு குலையும்; மணல் மூட்டையில் நட்ட கம்பில் கட்டுங்கள். படம் எடுக்கும்போது பத்துச் சென்ரிமீற்றர் அளவுகோலும் நிற அட்டையும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் வெட்டெழுத்து மறைந்துவிடும். மாலை மங்கிய பின் எல்ஈடி ரோர்ச் ஒன்றைச் சுவருக்கு மிகச் சாய்வாக, பத்துப் பதினைந்து பாகையில், இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் பிடித்து மூன்று நான்கு படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கோடும் நிழலில் எழும்பும். ஒன்றோடொன்று நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு மேற்படியும்படி சுவர் முழுவதையும் எடுத்தால் அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யலாம். மங்கிய செந்நிற ஓவியத்தைக் கணினியில் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் டிஸ்ட்ரெச் என்ற மென்பொருள் உதவும்; அதற்குச் சுவரைத் தொடவே தேவையில்லை. ஈரத்தாள் ஒட்டித் தூரிகையால் தட்டிக் கல்வெட்டுப் படி எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. தோல் கழன்று நிற்கும் பாறையில் அவர்களும் அதைச் செய்யக் கூடாது.

ஓராண்டு அளவெடுப்பு என்று நாங்கள் கேட்பது இதுதான்: வெப்பமும் ஈரப்பதனும் தானே பதிவாகும் சிறு கருவிகள் மூன்று. ஒன்று குகையின் உட்சுவரோரம், ஒன்று வாயில், ஒன்று வெளியே நிழலில். அரை மணிக்கு ஒரு பதிவு. பசையால் ஒட்டாமல் கட்டித் தொங்கவிட வேண்டும். குரங்கு பிடுங்காதபடி கம்பிவலைக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்றரியும் பதிவும் பார்க்க வேண்டும். வெடிப்பு விரிகிறதா என்று அளப்பவர்கள் எப்போதும் ஒரே நேரத்தில், வெயில் ஏறுமுன் அளக்க வேண்டும். பகல் சூட்டில் பாறை விரிவதால் மாலையில் வரும் எண் ஏமாற்றும். கார்த்திகை முதல் தை வரை கொட்டும் மழையில் ஒருவர் நேரில் நின்று, நீர் எங்கே வழிகிறது, எங்கே உள்ளே வளைகிறது என்று வரைபடத்தில் நீலக் கோடு போட வேண்டும். இந்த ஒரு வேலையை எந்தக் கருவியும் செய்யாது. இதைச் செய்யாமல் ஆடி மாதத்தில் வந்து பார்த்து மதிப்பீடு போடுவதால்தான் வடிகால் தவறான பக்கம் வெட்டப்படுகிறது.

புதையல் தோண்டுவோர் விட்டுச்சென்ற குழிகளைக் கண்டால் உடனே மூடிவிடத் தோன்றும். பொறுங்கள். குழியின் சுவரில் மண்ணடுக்கு வெட்டுமுகமாகத் தெரியும். அதைப் படமெடுத்து வரைந்துகொள்ள வேண்டும். வெளியே எறிந்த மண்குவியலையும் அள்ளி எறியாமல், துறைசார்ந்தவர்கள் ஐந்து மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் சல்லடைகளில் சலிக்க விட வேண்டும். ஓட்டுத் துண்டும் நுண்கருவியும் அங்கேதான் இருக்கும். அதன் பின் குழிக்குள் நீர் புகும் துணியை விரித்து, சுத்தமான மணலால் நிரப்பினால் பிற்காலத்தில் தோண்டுபவருக்கு எது பழைய மண், எது புதியது என்று தெரியும். கல்லும் சீமெந்தும் போட்டு மூடினால் எஞ்சியதும் முடிந்தது.

வெளவால்களை விரட்டப் புகை போடுவது பிழை. அவை இடம் மாறி அடுத்த ஓவியத்தின் மேல் தொங்கும். எச்சம் காய்ந்த குகையில் வேலை செய்பவர் என்95 தரமுள்ள முகக்கவசம் அணிய வேண்டும். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். மின்விளக்கு பற்றிச் சுருக்கமாக: நிரந்தர விளக்கு எரியும் இடத்தில் பாசி வளரும், எந்தக் கல்லானாலும். பகல் வெளிச்சம் வரும் எமது ஒதுக்குகளுக்கு விளக்கே தேவையில்லை. கைப்பிடிக் கம்பியைப் பாறையில் துளையிட்டு நிறுத்தாமல், சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் எட்ட, தரையைத் தோண்டாத பாரமான அடிப்பலகையில் நிறுத்தலாம்.

இவ்வளவும் எழுதிய பின் பேசாமல் விடமுடியாத ஒன்று உண்டு. எமது மாவட்டங்களில் தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடும், மேய்ச்சல் தரை போய்விடும், கோயில் போய்விடும் என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. அதை வெறும் அறியாமை என்று தள்ளுவது அநீதி. ஆனால் பயத்தால் கண்டதை மறைப்பதும், எழுத்துள்ள கல்லைப் புரட்டிப் போடுவதும் எமக்கே நட்டம். வவுனியா பெரியபுளியங்குளம் குகைக் கல்வெட்டு விசாகன் என்ற தமிழ் வணிகனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த வரி சிதைந்திருந்தால் அந்த மனிதன் வரலாற்றில் இல்லை. ஒரு குகையில் பௌத்த துறவியரும் இருந்திருக்கலாம், அதற்கு முன் வேடரும், பின்பு முருகனை வழிபட்டவரும் இருந்திருக்கலாம். ஒரு காலத்தை மட்டும் காட்டிப் பலகை நடுவதும் பாதுகாப்பல்ல. இன்னொரு காலத்தைச் சுரண்டி எடுப்பதும் பாதுகாப்பல்ல.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றை மையமாகக் கொண்டது. தற்செயலாகக் கண்டெடுத்தவர் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், அனுமதியின்றித் தோண்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அறிவிக்கும்போது எழுத்தில், திகதியோடு, படத்தோடு அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். படத்தையும் சரியான இடக்குறிப்பையும் முகநூலில் போட வேண்டாம். புதையல் தேடுவோர் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூட்டாட்சி நிலங்களிலுள்ள முக்கிய குகைகளின் இடங்களை வெளியிடாமல் காக்க வழிசெய்தது இதே காரணத்துக்காகத்தான்.

தொல்பொருள் திணைக்களத்திடமும் இரு மாவட்டச் செயலகங்களிடமும் நாங்கள் கேட்பது: குகை எதற்கும் சுற்றுலா நிதி ஒதுக்குமுன் ஓராண்டுப் பதிவு நிபந்தனையாக்கப்பட வேண்டும். அந்தப் பதிவு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அளவெடுப்பில் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்த ஊர் மக்களும், வேடர் பரம்பரையினரும் சேர்க்கப்பட வேண்டும். காடு தெரிந்தவர்கள் அவர்கள்தான். பதிவின் பிரதிகள் கொழும்பில் மட்டும் இராமல் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய நூலகத்தில் இருக்க வேண்டும். அஜந்தாவை ஏறக்குறைய இருபது ஆண்டு படியெடுத்த ரொபர்ட் கில்லின் ஓவியங்களில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கண்ணாடி மாளிகைத் தீயில் எரிந்தன. அதற்குப் பிறகு பம்பாய்க் கலைப்பள்ளி ஆசிரியர் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு 13 ஆண்டு உழைத்து எடுத்த படிகளில் பலவும் 1885இல் அதே நகரத்தில் இன்னொரு தீயில் போயின. இரண்டு முறையும் எரிந்தவை ஒரே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன.

இந்த மாரி தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. கருவிகளைக் கட்டுவதற்கு ஏற்ற நேரம் புரட்டாதிக்கு முன்.

இப்படிக்கு,
குகை மற்றும் கல்வெட்டுப் பதிவுப் பணியில் ஈடுபடும் சிலர்,
மட்டக்களப்பு.